கண்மாய்க் கரையில் எப்படிப் பேசுவது: வினாநிரலோடு போவதா, வெறுங்கையோடு போவதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கண்மாய்களில் பழைய நீர்ப்பங்கீடு எப்படி நடந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். முனைவர் பட்ட ஆய்வு. வழிகாட்டி 40 கேள்விகள் கொண்ட வினாநிரலைக் கொடுத்து, ‘இதை நிரப்பிக்கொண்டு வாருங்கள்’ என்கிறார். ஏற்கெனவே களத்துக்குப் போய்வந்த நண்பரோ, ‘பேப்பரைத் தூக்கிப் போடு, திண்ணையில உட்காந்து பேசு, தானா வரும்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதையும் கேளுங்கள், ஆனால் வேறு வேறு வாரங்களில். முதலில் வெறுங்கை, பிறகு வினாநிரல், அதன்பின் மறுபடி கொஞ்சம் வெறுங்கை. இந்த வரிசையை மாற்றினாலோ, ஒரே நாளில் ஒரே ஆளிடம் இரண்டையும் கலந்தாலோ இரண்டும் கெட்டுப்போகும்.

திண்ணைப் பேச்சு என்றால் நோக்கமே இல்லாத பேச்சு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நோக்கம் இரண்டுக்கும் உண்டு. அடுத்து எதைப் பற்றிப் பேசுவது என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. வினாநிரலில் நீங்கள் முடிவு செய்கிறீர்கள்; பெரியவர் பதிலைச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். திண்ணையில் அவர் முன்னால் நடக்கிறார், நீங்கள் பின்னால் போகிறீர்கள். எதைக் கேட்க வேண்டும் என்பதே இன்னும் தெரியாத கட்டத்தில் முன்னால் நடக்க உங்களுக்கு என்ன இருக்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் 29 கேள்விகள். அது நாடு முழுக்கச் செல்லுபடியாகக் காரணம், பெயர், வயது, பிறந்த ஊர், தாய்மொழி என்ற சொற்களுக்கெல்லாம் பொருள் முன்பே தீர்ந்துபோயிருக்கிறது; தீராதவற்றுக்குக் கணக்கெடுப்பாளரின் கையேட்டில் விளக்கம் இருக்கிறது. கண்மாய் விஷயத்தில் அந்த வேலை நடக்கவில்லை. உதாரணத்துக்கு ‘குடிமராமத்து’ என்ற ஒரு சொல். ஊரார் கூடித் தாங்களே கரையையும் வாய்க்காலையும் செப்பனிட்ட பழைய வழக்கத்துக்கு அந்தப் பெயர். 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு அதற்குத் தண்டனை வரை வைத்தார்கள். ஆனால் 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு ஊரில் போய், ‘உங்கள் ஊரில் குடிமராமத்து நடந்ததா?’ என்று கேட்டால், ‘நடந்துச்சே, ஜேசிபி வந்துச்சு’ என்பார்கள். நீங்கள் கட்டத்தில் ‘ஆம்’ என்று டிக் அடிப்பீர்கள். கேள்வியும் சரி, பதிலும் சரி, தரவு மட்டும் தவறு. இப்படி எத்தனை சொற்கள் உங்கள் 40 கேள்விகளுக்குள் இருக்கின்றன என்று துறை அறையில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்க முடியாது.

‘ஏரி’ என்ற சொல்லையே பாருங்கள். வட மாவட்டங்களில் ஏரி, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்மாய். ‘இந்த ஏரியில்’ என்று தொடங்கினால், நீங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். அதில் தவறில்லை, ஆனால் அவரும் அதற்குப் பிறகு உங்களுக்குப் புரிகிற தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார். உங்களுக்கு வேண்டியது அவர் பேசுகிற தமிழ்.

மாதிரிக்கு இரண்டு பேச்சுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதலாவது, வினாநிரல் நடையில்:

‘இந்த ஏரியோட நீர் மேலாண்மையை யார் செஞ்சாங்க ஐயா?’
‘எல்லாம் கவர்மெண்டுதான் தம்பி.’
‘தண்ணீர்ப் பங்கீட்டுல பிரச்சினை ஏதாவது இருந்ததா?’
‘அதெல்லாம் ஒண்ணுமில்ல. எல்லாரும் ஒத்துமையாத்தான் இருந்தோம்.’

இரண்டாவது:

‘கண்மாய் பெருகுனா மொதல்ல எந்த மடையத் தொறப்பீங்க ஐயா?’
‘மேட்டுமடைதான். தண்ணி நிக்கிறப்பவே அவுக பாச்சிக்கிறணும்ல, எறங்கிப் போச்சுன்னா அங்கிட்டு ஏறாது. பள்ளமடைக்குக் கடேசி வரைக்கும் வரும்.’
‘யார் போய்த் தொறப்பா?’
‘நீர்பாய்ச்சி. வேற யாரும் கை வைக்கப்பிடாது.’
‘வச்சா?’
‘வச்சா கோயில்ல வச்சுப் பேசுவாக.’

முதல் பேச்சில் பொய் எதுவும் இல்லை. ‘கவர்மெண்டு’ என்பதும் உண்மைதான்: ஆயக்கட்டு, அதாவது தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள கண்மாய் பொதுப்பணித் துறையின் கையில் இருந்தது, இப்போது நீர்வளத் துறை, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்தின் கையில். ஆனால் அது ஏட்டில் உள்ள பதில், அலுவலகத்திலேயே கிடைக்கும். இரண்டாவது பேச்சில் சில வரிகளுக்குள் மேட்டுமடை, பள்ளமடை என்ற பிரிவு, திறக்கும் வரிசை, அந்த வரிசைக்கான காரணம், திறக்கும் உரிமை உள்ள ஆளான நீர்பாய்ச்சி, மீறினால் விசாரணை, விசாரணை நடக்கும் இடம் என்று ஆறு இழைகள் கையில் வந்துவிட்டன. ‘பிரச்சினை இருந்ததா’ என்று கேட்டபோது இல்லை என்றவர், ‘வச்சா?’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பிரச்சினையையும் தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். இந்த ஆறையும் பிறகு வினாநிரலில் வைத்து இருபது பேரிடம் கேட்கலாம்.

ஆக, வெறுங்கைக் கட்டத்தில் நீங்கள் சேகரிப்பது கேள்விகளை. பதில்கள் கூடவே வரும், அது உபரி.

இனி நடைமுறை. வெறுங்கை என்றாலும் சட்டைப் பையில் ஒரு சின்ன அட்டை இருக்கட்டும். அதில் வாக்கியமாக எதையும் எழுதாதீர்கள்; வரத்துக்கால், மடை, நீர்பாய்ச்சி, கலுங்கு, மீன்பாசி, மரம், சண்டை, சாமி என்று ஏழெட்டுச் சொற்கள் போதும். (வரத்துக்கால் என்பது கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய், கலுங்கு உபரித் தண்ணீர் வழியும் இடம், மீன்பாசி கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை.) எழுதிவைத்த வாக்கியம் இருந்தால் அதை வாசிக்கத் தோன்றும். பேச்சு ஓய்கிற இடத்தில் மட்டும் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் உட்காரல் 60 முதல் 90 நிமிடம். அதற்கு மேல் போனால் எழுபது வயதுக்காரர் களைத்துவிடுவார்; களைத்தவர் சுருக்கமாகப் பதில் சொல்வார், அதை நீங்கள் ‘இந்த விஷயத்தில் தகவல் குறைவு’ என்று எழுதிக்கொள்வீர்கள். ஒரே ஆளிடம் இரண்டு மூன்று முறை போவது மூன்று ஆட்களிடம் ஒவ்வொரு முறை போவதைவிடப் பெரும்பாலும் அதிகம் தரும். முதல் நாள் விருந்தாளிக்குச் சொல்வது வேறு, மூன்றாம் நாள் வந்துபோகிற பிள்ளைக்குச் சொல்வது வேறு.

‘பேட்டி எடுக்க வந்திருக்கேன்’ என்று சொல்லாதீர்கள். பேட்டி என்றால் டிவி. வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்வார், மேடைத் தமிழ் வரும். ‘கண்மாயைப் பத்தித் தெரிஞ்சுக்கிறணும் ஐயா, நீங்கதான் வெவரமாச் சொல்லுவீங்கன்னாக’ என்பது போதும். ஆய்வு, கல்லூரி, புத்தகமாக வரும், அரசாங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இதனால் பணமோ திட்டமோ வராது என்பதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்: நிவாரணமா, ஆக்கிரமிப்பு எடுக்க வந்தவனா, ஓட்டு விஷயமா? அந்தக் கணக்கைப் பொறுத்து நிலத்தின் அளவு கூடும், குறையும்.

பேச்சைத் தொடங்க மூன்று வழிகள் நன்றாக வேலை செய்யும். ஒன்று காலத்தின் வழியாக: ‘மொத மழ விழுந்ததுல இருந்து அறுப்பு வரைக்கும் கண்மாய்ல என்னென்ன வேல நடக்கும்?’ இரண்டு, கடைசியாக நடந்த ஒன்றின் வழியாக: ‘கடைசியாக் கலுங்கு பாஞ்சது எப்ப? அன்னைக்கு என்ன நடந்துச்சு?’ பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில். அன்றைக்கு என்று கேட்டால் ஆள், நேரம், சத்தம் எல்லாம் வரும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது: கரையில் கூட நடப்பது. காலை ஒன்பது மணிக்குள் கலுங்கில் தொடங்கி மடை மடையாக நடந்தால், திண்ணையில் வராத பெயர்கள் எல்லாம் வரும். இடம் ஞாபகத்தை இழுத்து வெளியே போடும். மூட்டுவலிக்காரர் என்றால் முற்றத்தில் கோலமாவையோ ஒரு குச்சியையோ கொடுத்துக் கண்மாயை வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிற இன்னொருவர், ‘அந்த மடை அங்கிட்டு வராது’ என்று திருத்துவார். அந்தத் திருத்தம்தான் சரக்கு. அழிவதற்கு முன் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரைந்தவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பதையும் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் வடக்கு எது, தெற்கு எது என்று தெரியாது.

அவர் பேசும்போது குறுக்கே போகாமல் இருப்பதுதான் கற்றுக்கொள்வதற்கு மிகக் கடினம். மருத்துவர்கள் நோயாளியிடம் பேசுவதைப் பதிவு செய்து அமெரிக்காவில் 1984-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டார். 2002-இல் சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள் சராசரியாக 92 வினாடியில் தாங்களே முடித்துக்கொண்டார்கள். விட்டால் நிறுத்தவே மாட்டார்கள் என்ற நம் பயத்துக்கு அவ்வளவுதான் அடிப்படை. கண்மாய்க்காரர் ஒன்றரை நிமிடத்தில் முடிக்க மாட்டார் என்பது வேறு விஷயம். அவர் நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்வியைப் போடாமல் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்துக்குள் பெரும்பாலும் ‘ஆனா ஒண்ணு தம்பி’ என்று ஆரம்பிப்பார். எண்ணியும் வரவில்லையென்றால் அவர் கடைசியாகச் சொன்ன சொல்லையே கேள்வியாகத் திருப்பிக் கொடுங்கள்: ‘கோயில்ல வச்சா?’

தமிழில் சில சொற்கள் பேச்சைக் கெடுக்கும். ‘தானே’ முதல் குற்றவாளி. ‘மேட்டுமடையத்தானே மொதல்ல தொறப்பீங்க?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்பதைத் தவிர வேறு மரியாதையான பதில் கிடையாது. ‘இல்லையா?’, ‘அப்படித்தானுங்களே?’ எல்லாம் அந்த வகை. பெரியவர்கள் சொல்கிற ‘ஆமா’விலும் கவனம் வேண்டும், பல நேரம் அதற்கு ‘நீ சொல்வது காதில் விழுகிறது’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. ‘ஏன்’ இன்னொரு சிக்கல். ‘ஏன் மடையை அடைச்சீங்க?’ என்பது விசாரணைக் குரல். ‘எதனால அடைக்கிற மாதிரி ஆச்சு?’ என்றால் கதை வரும். முடிக்கும்போது ‘வேற எதும் இருக்கா?’ என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்வியே ‘இல்லை’யை எதிர்பார்த்துக் கதவருகே நிற்கிறது. 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் மருத்துவர்கள் சிலரை ‘வேறு எதுவும் உண்டா’ என்ற பொருள்படவும், சிலரை ‘வேறு ஏதோ சொல்ல இருக்கிறதே’ என்ற பொருள்படவும் கேட்கச் செய்தார்கள். இரண்டாவது விதமாகக் கேட்டதில், நோயாளிகள் சொல்லாமல் திரும்பிப் போகும் குறைகளில் 78 விழுக்காடு காணாமல் போயிற்று. ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் மாற்றம்தான் அது. தமிழில், ‘நான் கேக்க விட்டுப்போனது என்னென்ன ஐயா?’ என்று கேட்டுப் பாருங்கள். விட்டுப்போனது உண்டு என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டதால் அவர் தேட ஆரம்பிப்பார்.

பேச்சு மகன் கல்யாணத்துக்கும் பேத்தியின் நர்சிங் படிப்புக்கும் ஓடும். ஓடட்டும். பாதியில் வெட்டினால், எது உங்களுக்கு வேண்டும், எது வேண்டாம் என்பதைக் கற்றுக்கொண்டுவிடுவார். அதன்பின் வேண்டியதை மட்டும் தருவார், வெறுங்கையாகப் போனதன் பலன் அங்கே முடிந்தது. கல்யாணப் பேச்சில் பெண் கொடுத்த ஊர் வரும், அது வரத்துக்காலின் மேல் ஊராகவும் இருக்கலாம், இந்த ஊர் அந்த ஊரோடு தண்ணீருக்குச் சண்டை போட முடியாததற்குக் காரணம் அங்கே கிடைக்கலாம். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் மட்டும், அவர் முன்பு சொன்ன ஒன்றைப் பிடித்துத் திரும்புங்கள்: ‘அப்பயே நீர்பாய்ச்சிக்குக் களத்துல நெல்லுக் குடுப்பாகன்னு சொன்னீங்களே...’

எதிர்ப்பக்கத்து ஆபத்து, கேட்பவருக்கென்றே வைத்திருக்கும் ஒப்பித்த சரக்கு. ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடை’ என்று சொல்லாதவர் இல்லை. அழகான சொலவடை, பதிந்துகொள்ளுங்கள். ஆனால் அது பேச்சின் வாசல்படி. ‘அந்த நாப்பத்தெட்டுல உங்க வயலுக்கு எந்த மடை?’ என்று கேட்டால்தான் உள்ளே போகலாம்.

யார் வீட்டுத் திண்ணையில் முதலில் உட்கார்கிறீர்கள் என்பது நீங்கள் கேட்கும் எந்தக் கேள்வியையும்விட அதிகமாகப் பதில்களைத் தீர்மானிக்கும். பல ஊர்களில் நீர்பாய்ச்சி வேலை ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களிடம் இருந்தது. ஆயக்கட்டில் பெரும் நிலம் வேறு சாதியிடம். பெரிய வீட்டில் டீ குடித்துவிட்டு, அந்த வீட்டுப் பையனையே வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு நீர்பாய்ச்சி வீட்டுக்குப் போனால், ‘எல்லாரும் ஒத்துமையாத்தான் இருந்தோம்’ என்பதைத் தவிர எதுவும் கிடைக்காது. நீர்பாய்ச்சியிடம் முதலில் போங்கள், தனியாகப் போங்கள், கொடுப்பதை வாங்கிக் குடியுங்கள். பெண்களிடம் பேசுவதும் அப்படியே. கணவர் பக்கத்தில் இருந்தால் கேள்வி மனைவிக்கு, பதில் கணவரிடமிருந்து வரும். மதியச் சாப்பாடு முடிந்து வேப்பமரத்தடியில் நாலைந்து பேராக உட்காரும் நேரமே அவர்களுக்குச் சரி. நடவு, களை, மாடு, மீன், குடிதண்ணீர் ஊருணி இவை பற்றி ஆண்களிடம் இருப்பது பாதிதான்.

ஒலிப்பதிவுக்குப் பெரிய கருவி வேண்டாம். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், பஞ்சு உறை மாட்டியிருக்க வேண்டும். கண்மாய்க் கரையில் காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். போனில் பதிந்தால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். சுருக்காத வேவ் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 320 எம்பிக்குள் அடங்கும். 32 ஜிபி அட்டையில் ஏறக்குறைய நூறு மணி நேரம். அனுமதி கேட்ட பிறகே பொத்தானை அழுத்துங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு மணி நேரமாவது ஆகும் என்று இப்போதே நாட்குறிப்பில் ஒதுக்கிவிடுங்கள். எழுதும்போது ‘கடேசி’யைக் ‘கடைசி’ ஆக்காதீர்கள். தட்டச்சுக்கு ஆள் வைத்தால் அவர் நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் திருத்திவிடுவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றிரவே, தூங்குவதற்கு முன், மூன்று பத்தியாகக் குறிப்பு: அவர் சொன்ன புதுச் சொற்கள், அடுத்துக் கேட்க வேண்டியவை, முன்பு வேறொருவர் சொன்னதோடு இடிப்பவை.

எத்தனை பேரோடு நிறுத்துவது? மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு நாட்டுப் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை வைத்து 2006-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. முதல் 12-க்குள் ஏறக்குறைய எல்லாக் கருத்துகளும் வந்துவிட்டன, முக்கியமானவை 6-இலேயே தெரிந்துவிட்டன. அந்த 12-ஐ மந்திர எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெண்கள், கேள்விகளும் ஒன்றே. உங்களுக்கு மேட்டுமடைக்காரர், பள்ளமடைக்காரர், நீர்பாய்ச்சி, நிலமில்லாதவர், பெண்கள் என்று ஐந்து தரப்பு. ஒவ்வொன்றிலும் இருவர் மூவர், பிறகு இரவுக் குறிப்பின் முதல் பத்தியில் புதுச் சொல் விழுவது நிற்கிறதா என்று பாருங்கள். அது நின்றால் வினாநிரலுக்கு நேரம் வந்துவிட்டது.

இப்போது வழிகாட்டி கொடுத்த 40 கேள்வியை எடுத்து, கிடைத்த சொற்களால் திருத்துங்கள். பாதி விழும், கொஞ்சம் புதிதாகச் சேரும். 20, 25-இல் வந்து நிற்கும். 40 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஒரு கேள்விக்குள் ஒரே விஷயம். ‘நீர்பாய்ச்சிக்கு எவ்வளவு கூலி, யார் கொடுத்தார்கள்?’ என்பது இரண்டு கேள்வி. எல்லோரிடமும் அதே சொற்களில், அதே வரிசையில் கேட்க வேண்டும். வெறுங்கைப் பேச்சில் நல்ல பழக்கமாக இருந்த துருவிக் கேட்டலும் சொல்லைத் திருப்பிக் கொடுத்தலும் இங்கே குறை. ஒருவரிடம் துருவி, இன்னொருவரிடம் துருவாமல் விட்டால் இரண்டு பதில்களையும் ஒப்பிட முடியாது. முதலில் நாலு பேரிடம் வெள்ளோட்டம் விடுங்கள். எந்தக் கேள்விக்கு ‘என்ன கேக்குறீங்க?’ என்று திரும்பக் கேட்கிறார்களோ அதை மாற்றுங்கள்.

அளவுகளை அவர்கள் அலகிலேயே வாங்கி, நீங்கள் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். முறைத்தண்ணீர் நாழிகைக் கணக்கில் ஓடியிருந்தால் ‘எத்தனை மணி நேரம்?’ என்று கேட்டு அவரை வகுக்க வைக்காதீர்கள். நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60. நிலத்துக்கு ‘செய்’ என்பார்கள், ‘மரக்கால் விதைப்பாடு’ என்பார்கள். அது நிலையான அளவா, ஒரு வயலைக் குறிக்கும் சொல்லா என்பதை வெறுங்கைக் கட்டத்திலேயே தெளிவாக்கியிருக்க வேண்டும்.

ஆண்டைக் கண்டுபிடிக்க ஒரு நிகழ்ச்சிப் பட்டியல் தயாராக இருக்கட்டும். ‘எந்த வருஷம்?’ என்றால் ஊகம் வரும். ‘தனுஷ்கோடி அழிஞ்ச புயலுக்கு முந்தியா பிந்தியா?’ என்றால் உறுதியான பதில் வரும்: அது 1964 டிசம்பர். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி, காமராஜர் மறைவு 1975 அக்டோபர், கர்ணம், மணியம் என்ற கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிந்தது 1980, எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர். ‘சமஸ்தானம் இருந்தப்ப’ என்று சொன்னால் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை ஒட்டிய காலம்; அதைச் சொல்பவர் பெரும்பாலும் தன் அப்பா சொன்னதைச் சொல்கிறார், அதையும் குறியுங்கள். தமிழ் ஆண்டுப் பெயரில் சொன்னால் கவனம்: குரோதி 1964-65-இலும் உண்டு, 2024-25-இலும் உண்டு.

ஏற்கெனவே திண்ணையில் பழகியவரிடமே வினாநிரலோடு போகிறீர்கள் என்றால் மாற்றத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: ‘இன்னைக்கு வரிசையாக் கொஞ்சம் கணக்குக் கேக்கணும் ஐயா, எல்லாருக்கும் ஒரே கேள்விதான். தெரிஞ்ச கேள்வியாவும் இருக்கும்.’ சொல்லாமல் தாளை எடுத்தால், இவ்வளவு நாள் தம்பியாக வந்தவன் திடீரென்று தாலுகா ஆபீஸ் ஆளாகிவிட்டான் என்று தோன்றும். நடுவில் அவர் கதைக்குள் போனால், ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டு, ‘இத நாளைக்கு வந்து முழுசாக் கேக்குறேன்’ என்று சொல்லுங்கள். மறுநாள் போகவும் போங்கள்.

எழுதும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று. வெறுங்கைப் பேச்சில் 14 பேரில் 5 பேர் மீன்பாசிக் குத்தகையைச் சொன்னார்கள் என்பதை வைத்து ‘36 விழுக்காட்டினர்’ என்று எழுதக் கூடாது. மற்ற 9 பேரிடம் அது கேட்கப்படவே இல்லை. பேச்சு அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். விழுக்காடு போட உரிமை வினாநிரலுக்கு மட்டும். மறுதலையாக, வினாநிரலில் எல்லோரும் ‘இல்லை’ என்றதால் ஒன்று இல்லாமல் போய்விடாது; மேலே உள்ள ‘ஒத்துமையாத்தான் இருந்தோம்’ போல அது கேட்ட விதத்தின் விளைவாக இருக்கலாம்.

வினாநிரல் முடிவுகளில் இடிக்கும் இடங்கள் தெரியும். 20 பேரில் 16 பேர் மேட்டுமடை முதலில் என்கிறார்கள், 4 பேர் இல்லை என்கிறார்கள். அந்த 4 பேரையும் பிழை என்று ஒதுக்காமல், அட்டையும் தாளும் இல்லாமல் மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போங்கள். கண்மாய் முழுதாக நிறையாத வருஷத்துக்கு வேறு வரிசை இருந்ததோ, அவர்கள் வேறு கண்மாயின் ஆயக்கட்டுக்காரர்களோ, ஒரு தகராறுக்குப் பின் முறை மாறியதோ, ஏதோ ஒன்று இருக்கும். ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம் பெரும்பாலும் இந்த நாலு பேரிடமிருந்து வரும்.

ஒலிப்பதிவை நிறுத்தி எழுந்து செருப்பு மாட்டும்போது சொல்வதுதான் பல நேரம் முக்கியமாக இருக்கும். கருவியை ரகசியமாக ஓடவிடாதீர்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுங்கள். அடுத்த முறை, ‘அன்னைக்குக் கெளம்புறப்ப ஒண்ணு சொன்னீங்களே, அத எழுதிக்கிறலாமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் எழுதியதை அடித்துவிடுங்கள்.

வழிகாட்டியிடம் ‘வினாநிரலை ஒதுக்கிவைத்தேன்’ என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் கட்டத்தின் முடிவில் அறுபது எழுபது வட்டாரச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் சொன்னவரின் ஒரு வாக்கியம், கோலமாவு வரைபடங்கள், திருத்திய வினாநிரல் ஆகியவற்றை மேசையில் வையுங்கள். அதற்கு மேல் அவர் வாதாட மாட்டார்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் கண்மாய் வறண்டு கிடக்கும், மடையின் அடிக்கல் வரை கண்ணுக்குத் தெரியும், ஆட்களுக்கும் ஓய்வு. கரையில் நடந்து பேச அதுதான் நேரம். அறுப்பு முடிந்த மாசி, பங்குனி வினாநிரலுக்கு வசதி. அந்த வருஷத்துத் தண்ணீர்க் கணக்கு எல்லோருக்கும் நினைவில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கலுங்கு பாய்ந்தால் எல்லா வேலையையும் விட்டுவிட்டுப் போங்கள். ஊரே கரையில் நிற்கும். கேள்வித்தாள் வேண்டாம், ஒலிப்பதிவும் வேண்டாம். யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள், மடைப்பலகையை யார் தொடுகிறார்கள், யார் தூரத்தில் நின்று கத்துகிறார்கள் என்று மட்டும் பார்த்து, சாயங்காலம் எழுதிக்கொள்ளுங்கள்.